கல்லூரிக்குப் போட்ட குத்தூசி

திருவொற்றியூர்த் தேரடியில் நின்று, "கணக்கு டீச்சர் ஞானசெல்வி" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பூ விற்கிற அம்மாள்கூடத் தலையை நிமிர்த்துவாள். "அந்த டீச்சரா? தப்பா போட்டா அடிக்காது நைனா. இன்னாத்துக்கு தப்புன்னு கேட்டுகினே கீது. அதுக்கு ரெண்டு அடி வாங்கிகினு போயிடலாம்" என்பாள். அந்த டீச்சர் கணக்குப் படிக்கக் கல்லூரி தேடின கதை இது. தேடினாள் என்றால் நாலு பேரைக் கேட்டு, நல்ல நாள் பார்த்துத் தேடவில்லை. பருப்பு மண்டிக்காரர் மகள் எப்படித் தேடுவாளோ அப்படித் தேடினாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தொடங்கியிருந்தது. முதல் தேர்தல் வந்து ராயபுரத்துச் சுவரில் வெள்ளையடித்த இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. செல்வி அப்போது ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு. அவளுடைய வகுப்பில் பாதிப் பெண்கள் அல்ஜீப்ரா என்ற பேரைக் கேட்டதும் காத தூரம் ஓடித் தையலும் சமையலும் எடுத்துக்கொண்டவர்கள். செல்வியோ சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதும் எண்களைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். அப்படிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருநாள்தான் அவளுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது.

அடுத்தடுத்து வரும் நாலு எண்களை எடுத்துக்கொள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெருக்கினால் இருபத்துநான்கு. ஒன்றைக் கூட்டு, இருபத்தைந்து. ஐயைந்து இருபத்தைந்து! சரி, இரண்டிலிருந்து ஐந்து வரை? நூற்றிருபது. ஒன்றைக் கூட்டினால் நூற்றிருபத்தொன்று. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் வருவது! மூன்றிலிருந்து ஆறு வரை போனாலும் அப்படியே, பத்தொன்பதைப் பத்தொன்பதால் பெருக்கின விடை. எங்கே தொடங்கினாலும் ஏதாவது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினதாகவே வந்து நின்றது. ஏன் அப்படி? அதுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும், "பரீட்சைக்குப் படிடி" என்றார்கள். அந்த 'ஏன்' அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

அவளுடைய அப்பா தேவப்பிரியம், நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்கு எதிரே பருப்பு மண்டி வைத்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். "எம்மவ காலேஜுக்குப் போவா" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் சாயங்காலம் லட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏளா செல்வி! காரியம் முடிஞ்சிட்டு. காலேஜு பிடிச்சாச்சு!"

செல்விக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஜிவ்வென்றது. "எந்தக் காலேஜுப்பா?"

"நம்ம வேதமாணிக்கம் அண்ணாச்சி மக ஜெயக்கொடி படிக்கால்லா, அதேதான். வாசல்ல நிக்க தூணைப் பாத்திருக்கியா? ஒவ்வொண்ணும் நம்ம சர்ச்சுத் தூணை முழுங்கிரும். ஆஸ்டல் உண்டு. மதிலு ரெண்டாள் ஒசரம். அச்சாரமும் குடுத்துட்டேன்."

"அச்சாரமா? காலேஜுக்கா?"

"பின்ன? சரக்கு கை மாறிப் போயிரக் கூடாதுல்லா. முதல் ரகத் துவரம்பருப்பு ஒரு மூட்டை, அண்ணாச்சி மூலமா ஆஸ்டலுக்கு அனுப்பிட்டேன். ரூபாயாக் குடுத்தா படிச்சவங்க தப்பா நினைப்பாங்க பாரு."

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மண்டிக்காரர்களுக்கு அச்சாரம் என்பது சிரிப்புச் சமாசாரம் இல்லை. முன்பணமோ பொருளோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்கினால் கொடுத்ததும் போகும், பேரும் போகும். தேவப்பிரியம் அச்சாரம் கொடுத்துப் பின்வாங்கினார் என்ற பேச்சு அந்தக் கடைத்தெருவில் அதுவரை எழுந்ததே கிடையாது. கல்லூரியில் அச்சாரம் என்று ஒரு வழக்கமே இல்லை என்பதையும், மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள் என்பதையும், அந்த மூட்டையை யாரோ புண்ணியவான் கொடுத்த தானம் என்று நினைத்து ஆஸ்டல் சமையற்காரர்கள் சாம்பார் வைத்துத் தீர்த்துவிட்டார்கள் என்பதையும் அந்த மனுஷருக்கு யார் சொல்வது? வேதமாணிக்கத்துக்கே தெரியாது. அவரும் எண்ணெய் மண்டிக்காரர்தானே!

லட்டு இனித்தது. ஆனால் செல்வியின் மனசு கசந்தது. ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த ஜெயக்கொடியிடம் தன் நாலு எண் கணக்கை அவள் காட்டியிருந்தாள். ஜெயக்கொடியும் அங்கே கணக்குதான் எடுத்திருந்தாள், வகுப்பில் முதலாவது வேறு. அவள் நல்ல பெண்தான். பார்த்துவிட்டு, "இது எந்த வருஷப் பேப்பர்ல வந்துச்சு?" என்று கேட்டாள். எந்த வருஷத்திலும் வரவில்லை என்றதும், "வராத கணக்கை எதுக்குப் போடணும்?" என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போய்விட்டாள்.

இன்னொரு கல்லூரியைப் பற்றியும் செல்வியின் காதில் பேச்சு விழுந்திருந்தது. அதற்குத் தூணும் இல்லை, பேரும் புகழும் இல்லை. வேப்பமரம் நிறைய உண்டு என்பார்கள். "அங்க மட்டும் கணக்கு எடுத்துடாதே, பிழிஞ்சு எடுத்துடுவாங்க. போடுன்னா போட விடமாட்டாங்க, ஏன்னு சொல்லு, ஏன்னு சொல்லுன்னு உயிரை வாங்குவாங்க" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி பயமுறுத்தினார்கள். பயமுறுத்தினவர்கள் பாவம், தெரியாமல் ஆசை காட்டிவிட்டார்கள்.

இந்த இரண்டு கல்லூரிகளின் பேரையும் நான் சொல்லப் போவதில்லை. தூண் காலேஜ், வேப்பமரக் காலேஜ் என்றே வைத்துக்கொள்வோம். ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு?

மறுநாள் தோழி ராஜாத்தி வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற நீலமேகத்தின் மகள், செல்வியின் வகுப்புதான். கணக்கைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வாயைத் திறந்தால் துறைமுகச் சங்கு தோற்றுப்போகும்.

"இன்னாமே மூஞ்ச தூக்கி வச்சுகினு கீறே? ஒங்க நைனா தெருவெல்லாம் லட்டு குடுத்துகினு போறாரு, நீ இன்னாடான்னா எழவு வூட்ல குந்துனா மாரி குந்திகினு கீறியே!"

செல்வி எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜாத்தி கேட்டுவிட்டு, "இத்த என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? ஒங்க நைனாவாண்ட போயி சொல்லு. வா, நான் இட்டுகினு போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மண்டியில் அப்போதுதான் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தேவப்பிரியம் கையில் குத்தூசியோடு நின்றார். சாக்கைப் பிரிக்காமல் உள்ளே குத்தி, கொஞ்சம் பருப்பை வெளியே இழுத்துப் பார்க்கிற இரும்பு ஊசி அது. ஒவ்வொரு மூட்டையாகக் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்.

செல்வி தொண்டையைச் செருமினாள். "எப்பா, எனக்கு அந்தத் தூண் காலேஜு வேண்டாம்பா. அங்கன கணக்கு சரியில்லை."

"என்னளா பேசுத? கணக்குல சரி என்ன, சரியில்லாதது என்ன? எந்தக் காலேஜுலயும் ரெண்டும் ரெண்டும் நாலுதான். தூண் காலேஜுல மட்டும் அஞ்சாவா ஆயிரும்?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். செல்விக்குக் காது சூடேறியது. ரோஷம் வந்தால்தானே பேச்சும் வரும்!

"அப்படின்னா எந்த மூட்டையிலயும் பருப்பு பருப்புதானப்பா? நீங்க எதுக்குக் குத்திக் குத்திப் பாக்கீங்க?"

சிரிப்பு நின்றது. தேவப்பிரியத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"அச்சாரம் குடுக்கதுக்கு முன்ன அந்தக் காலேஜைக் குத்திப் பாத்தீங்களா?"

இந்தக் கேள்விதான் ஆளைச் சாய்த்தது. குத்திப் பார்க்காமல் அச்சாரம் கொடுப்பது என்பது மண்டிக்காரனுக்கு மீசையை மழித்துக்கொள்வதற்குச் சமானம். அதையும் தன் மண்டியில், தன் ஆட்கள் முன்னால், பெற்ற பெண் கேட்டுவிட்டாள். வேறு அப்பனாக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பான். தேவப்பிரியம் வாயிலிருந்த பருப்பை மெதுவாக மென்று விழுங்கினார்.

"நியாயந்தான். குத்தாம விட்டது தப்புதான். இப்பம் குத்துவோம்" என்றார். "ஆனா ஒண்ணு. சரக்கு சரியா இருந்துட்டுன்னா மறுபேச்சு பேசப்படாது. தூண் காலேஜுதான்."

"சரியா இல்லைன்னா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அச்சாரம் கொடுத்தாயிற்றே!

எங்கே குத்துவது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. விற்கிறவன் காட்டுகிற இடத்தில் குத்தவே கூடாது. அடியில் குத்த வேண்டும், தையலை ஒட்டி. எந்தக் கல்லூரியிலும் முதல் மாணவி நன்றாகத்தான் இருப்பாள், அவள் மூட்டை வாய். கடைசி மாணவி எப்படி என்று பார். ஊசிக்கு என்ன செய்வது? செல்வியிடம் அந்த நாலு எண் கணக்கு இருந்ததே, அதுதான் ஊசி.

டிராமேறிப் பாரிமுனையில் மாறித் தூண் காலேஜுக்குப் போனார்கள், அப்பாவும் செல்வியும் துணைக்கு ராஜாத்தியும். ஜெயக்கொடி வாசலுக்கே வந்து வரவேற்றாள். தூண்கள் உண்மையிலேயே பெரியவைதான், அதில் பொய்யில்லை. தேவப்பிரியம் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஜெயக்கொடி ஒரு தேற்றத்தை இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பித்தும் காட்டினாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தேவப்பிரியத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கண்ணைக்கூட இமைக்காமச் சொல்லுதே புள்ள!" என்றார்.

"நைனா, அது மூட்ட வாயி" என்று ராஜாத்தி காதோரம் நினைவுபடுத்தினாள். அவர் திடுக்கிட்டு, "ஆமா ஆமா, அடியில குத்துங்க" என்றார்.

அடி எங்கே இருந்தது? கைப்பம்பு ஓரத்து நிழலில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்களிடம் செல்வி தன் கணக்கைச் சொன்னாள். ஒருத்தி கேட்டாள், "போன வருஷம் வந்ததா?" இல்லை என்றாள் செல்வி. "வர்ற வருஷம் வருமா?" வராது என்றாள். "பின்னே எதுக்குமா இந்த வெயில்ல?" என்று சொல்லிவிட்டு, செல்வியின் கையில் ஒரு பிடி கடலையைக் கொட்டினாள். தங்கமான பெண்கள். ஆனால் அந்தக் கணக்கை ஒருத்தியாவது ஒரு நிமிஷம் மனசுக்குள் புரட்டிப் பார்க்க வேண்டுமே!

திரும்பும்போது தேவப்பிரியமும் அந்தக் கடலையைத்தான் மென்றுகொண்டு வந்தார். "கடலை நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு மூட்டையைக் குத்திட்டு விலை பேசக் கூடாது. அடுத்ததையும் பாப்போம்" என்றார். செல்விக்கு அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. டிராமில் கூட்டமாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேப்பமரக் காலேஜ். வாசலைப் பார்த்ததுமே தேவப்பிரியத்தின் முகம் சுருங்கிவிட்டது. ஓடு போட்ட நீளக் கட்டடம், பெயிண்ட் உதிர்ந்த கேட். ஆஸ்டலும் கிடையாது என்று காவல்காரர் சொன்னார். "நம்ம மண்டியே இதைவிட ஷோக்கா கீதே" என்று ராஜாத்தி வேறு எண்ணெய் ஊற்றினாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். மரத்தடியில் ஒரு கும்பல் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தது. செல்வி தயங்கித் தயங்கி நின்றாள். ராஜாத்திக்கு ஏது தயக்கம்? நேரே போய் நின்று கேட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்கோ. ஒங்க கிளாஸ்ல கணக்குல மக்கு யாரு?"

கும்பல் கொல்லென்று சிரித்தது. எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. அங்கே உட்கார்ந்திருந்த நீளச் சடைக்காரியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் ஷரீஃபுன்னிசா, முதல் வருஷ மாணவி.

"நான்தான் அது. ஏன், மெடல் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

செல்வி குந்தி உட்கார்ந்து, வேப்பங்குச்சியால் மண்ணில் எண்களை எழுதினாள். ஷரீஃபுன்னிசா ஒரு வாய்ச் சோற்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "இரு இரு, நாலு அஞ்சு ஆறு ஏழு?" என்று அவளாகவே பெருக்கினாள். எண்ணூற்று நாற்பது, ஒன்றைக் கூட்டினால் எண்ணூற்று நாற்பத்தொன்று. இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கினால் வருவது. "அல்லா! இங்க வாங்கடி எல்லாரும்!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். சோற்றை யார் நினைத்தார்கள்? ஆளுக்கு ஒரு குச்சி, ஆளுக்கு ஒரு சண்டை. ஒருத்தி பெரிய அல்ஜீப்ராவாக எழுதிப் பாதியில் சிக்கிக்கொண்டாள். இன்னொருத்தி அவள் எழுதினதைக் காலால் அழித்தாள். அழித்ததற்கு ஒரு தனிச் சண்டை. இதற்குள் காக்கை ஒன்று வந்து ஷரீஃபுன்னிசாவின் டப்பாவிலிருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று தொடையைத் தட்டினாள்.

"ஏய், எல்லாத்தையும் வரிசையா பெருக்காதீங்க! ஓரத்துல இருக்கிற ரெண்டைப் பெருக்கு. நடுவுல இருக்கிற ரெண்டைத் தனியாப் பெருக்கு. ரெண்டு மூணு நாலு அஞ்சு: ஓரம் பத்து, நடு பன்னெண்டு. மூணு நாலு அஞ்சு ஆறு: ஓரம் பதினெட்டு, நடு இருபது. பார்த்தியா? எப்பவும் ரெண்டுதான் வித்தியாசம்!"

"அதனால?" என்றாள் செல்வி.

"பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல யாரு? பதினொண்ணு. பத்தையும் பன்னெண்டையும் பெருக்கினா, பதினொண்ணைப் பதினொண்ணால பெருக்குறதுக்கு ஒண்ணே ஒண்ணு குறையும். அந்த ஒண்ணைத்தானே நீ கடைசியில கூட்டுறே!"

"ஐயோ!" என்று செல்வி அலறிவிட்டாள். காவல்காரர் ஓடி வந்தார். அவளோ முன்பின் தெரியாத அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தொண்டையில் குத்திக்கொண்டிருந்தது ஒரு நொடியில் இறங்கிவிட்டது. இவ்வளவு எளிசா? இவ்வளவு அழகா? இதையா பேப்பரில் வராது என்று விட்டுவிட்டுப் போனார்கள்?

"சந்தோஷம் இருக்கட்டும். உன் கணக்கை நான் போட்டுட்டேன், என் கணக்கை நீ போடு" என்றாள் ஷரீஃபுன்னிசா. "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு. இதையெல்லாம் ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. இந்த மாதிரி எண்கள் போய்க்கிட்டே இருந்தா ஒரு இடத்துல தீர்ந்துபோகுமா, போகாதா? போகாதுன்னா அது எப்படி உனக்குத் தெரியும்?"

செல்வி குச்சியால் மண்ணில் எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். விடை வரவில்லை, அழுகைதான் வந்தது. மணி அடித்துவிட்டது.

"அழாதே. நானும் முதல் மாசம் தினமும் அழுதேன். எல்லாம் இங்கிலீஷ், எல்லாத்துக்கும் ஏன், ஏன்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"இப்ப அழறதில்லையா அக்கா?"

"இப்பவும் அழறேன். ஆனா சாப்பிட்டுட்டு அழறேன்" என்று காலியான டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டிராமில் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எதிரில் அப்பா. பாரிமுனை தாண்டினதும் கேட்டார்.

"ஏளா, விடை வந்துட்டா?"

"இல்லப்பா."

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். அவர் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதில்லை. "எது நல்ல சரக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்பது மூட்டை நடுவுல போட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவேன். ஆனா செல்வி, தூண் காலேஜுல நீ முதல். இங்கன நீ கடைசி. இவங்க மக்குன்னு கை காட்டுன புள்ளைகிட்டயே நீ தோத்துட்டியே. முதல் ரகப் பருப்புக்கு நடுவுல எம்மவ கல்லாக் கெடக்கணுமா?"

செல்விக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் மண்டியில் வளர்ந்த பெண்.

"கல்லுன்னா பொறுக்கி வெளிய போட்டுருவாங்கப்பா. நான் பருப்புதான். வேகக் கொஞ்சம் நேரமாகும்." அதற்குமேல் கெட்டிக்காரத்தனமாகப் பேச அவளால் முடியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பா, எனக்கு அங்கன போணும்பா. அங்கன தோக்கதுகூட எனக்கு எம்புட்டு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

அவர் அவளையே பார்த்தார். "அச்சாரம் குடுத்தாச்சேளா" என்றார் மெதுவாக.

வீட்டில் அம்மா சிலுவையம்மாளிடம் விஷயம் போனது. ஆஸ்டல் இல்லாத காலேஜ், தினமும் டிராமில் போய்வர வேண்டும் என்று சொன்னால் பெண்டாட்டி குதிப்பாள், அந்தச் சாக்கில் தானும் தப்பிக்கலாம் என்று தேவப்பிரியம் நினைத்தாரோ என்னவோ. சிலுவையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் புள்ள தினமும் வீட்டுக்கு வந்துருவாளா? பின்ன என்னத்தை யோசிக்கிய? அதுலயே சேருங்க" என்றாள். கணக்காவது ஒன்றாவது, அவள் கவலை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சர்ச் வாசலில் தெற்கத்தி வியாபாரிகள் வழக்கம்போலக் கூடி நின்றார்கள். வாரத்துப் பேச்சு, வரவிருக்கும் சரக்கு, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான் நடக்கும். வேதமாணிக்கம் நடுநாயகமாக நின்றார். "வாரும் தேவப்பிரியம்! ஆஸ்டல்ல பருப்பு பூவா வெந்துச்சாம். எம்மவ சொல்லி அனுப்பினா" என்றார்.

செல்வி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா நெஞ்சை நிமிர்த்துவது தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்த சீட்டு எங்களுக்கு வேண்டாம். எம்மவ வேற காலேஜுல சேருதா."



"அச்சாரம் குடுத்துட்டீரே" என்றார் வேதமாணிக்கம்.

"அது போகட்டும் அண்ணாச்சி."

"மூட்டையை யாருவே கேட்டா? உம்ம பேரைச் சொல்லுதேன்."

தேவப்பிரியம் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். செல்விக்கு ஓடிப்போய், வேண்டாம்பா, நான் தூண் காலேஜுக்கே போறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட வந்தது. சொல்லியிருப்பாள். அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"அதுவும் போகட்டும்" என்றார்.

அன்றிலிருந்து வேதமாணிக்கம் அவரோடு பேச்சை நிறுத்தினார். சும்மா நிறுத்தினாலும் பரவாயில்லை, கடைத்தெரு வாயைத் திறந்துகொண்டது. "தேவப்பிரியம் அச்சாரமா? எதுக்கும் ரெண்டு நாள் பொறுத்துச் சரக்கை இறக்கு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். மீசைக்காரர் கேட்டுக்கொண்டு போவார். வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். செல்வி உயிரைக் கொடுத்துப் படித்தாள், நல்ல மார்க் வாங்கினாள், வேப்பமரக் காலேஜில் கணக்கு குரூப்பும் கிடைத்தது. ராஜாத்தி டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போனாள். "நீ பெரிய எடம் பூட்டே, எங்கள மறந்துடாதமே" என்று அவள் அழுததில் தெருவே வேடிக்கை பார்த்தது.

கல்லூரியில் செல்விக்குத் தினம் ஒரு திருவிழா. ஒருநாள் ஒன்று புரியும், மறுநாள் புரிந்ததெல்லாம் தப்பென்று தெரியும். சாப்பிட்டுவிட்டு அழுவதற்கு அவளும் பழகிக்கொண்டாள். முதல் பருவப் பரீட்சை வந்தது. மார்க்கை மேலிருந்து கீழே வாசித்தார்கள். ஒவ்வொரு பேராகப் போய்க்கொண்டே இருந்தது, அவள் பேர் வரவில்லை. வந்தபோது அதற்குப் பின்னால் வேறு பேர் இல்லை. பாஸ்தான், ஆனால் கடைசி.

தனக்காக அவள் வருத்தப்படவில்லை. கடைசியாக வருவோம் என்று தெரிந்துதானே வந்தாள்? ஆனால் அப்பா? பேரை விற்று அவர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கடைசி இடத்தைத்தானா? வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றக்கூட இல்லாமல், "எப்பா, நான் கடைசிப்பா" என்றாள். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திராது.

சில நாளில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் படைத்த காய்கறி, கோழி, தேங்காய் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். ஊரே அங்கேதான் நிற்கும். தேவப்பிரியம் பெரிய பூசணிக்காய் ஒன்றை ஏலத்தில் எடுத்து இரண்டு கையாலும் தூக்கி நின்றார். அப்போதுதான் வேதமாணிக்கம் இத்தனை மாதம் கழித்து வாயைத் திறந்தார், நாலு பேர் காதிலும் விழும்படி.

"என்ன தேவப்பிரியம்! எம்மவ இந்தத் தடவையும் முதல் ரேங்கு. அச்சாரத்தை முறிச்சுச் சேத்தீரே, உம்ம மக எத்தனாவதாம்?"

ஏலம் போடுகிறவர் நிறுத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். பூமி பிளந்தால் நல்லது என்று செல்வி நினைத்தாள்.

"கடைசி அண்ணாச்சி!" என்றார் தேவப்பிரியம். கூட்ஸ் ஷெட்டில் வண்டிச் சத்தத்தை மீறி விலை கேட்கிற அந்தக் குரல்.

"கடைசியா?"

"ஆமா! எம்மவளுக்குக் கீழ ஒருத்திகூடக் கெடையாது. அங்கன இருக்க அம்புட்டுப் பேரும் அவளைவிடக் கெட்டிக்காரிக! இந்த மெட்ராசு பூரா அலைஞ்சு அப்படி ஒரு எடம் பிடிச்சுக் குடுத்திருக்கேன் எம்மவளுக்கு! உங்க மகளுக்கு மேல அங்கன யாரு அண்ணாச்சி இருக்கா, ஒண்ணு கத்துக் குடுக்க?"

வேதமாணிக்கம் ஏலம் போடுகிறவர் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வி தாவணி முனையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. தேவப்பிரியம் பூசணிக்காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நட, வீட்டுக்குப் போவோம். நாளைக்குக் காலேஜு உண்டுல்லா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.